காலிக் கோட்டையின் அலங்கத்தின்மேல்

உல்லாசக் கப்பற்பயணம் பற்றிய பேச்சு நமது மல்லேஸ்வரத்து விசுவாசக் குடும்பங்களிலும் இப்பொழுது கேட்கிறது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தைக் கடைவீதியிலேயே செலவழித்துத் திரும்புகிறவர்கள் அநேகர். இலங்கையின் தென்கரையிலுள்ள காலியில் உங்கள் கப்பல் நிற்குமானால் அப்படிச் செய்யாதிருங்கள். பெரிய கப்பல்கள் அங்கே தொலைவில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்புகின்றன. படகில் வரும்போதே கடலுக்குள் நீண்டிருக்கும் அலங்கம் கண்ணில் படும். 1898-ல் பிளேக் நோய் பரவிய பின்பு, நெருக்கமான பேட்டைக்கு வெளியே உருவாக்கப்பட்டது நமது மல்லேஸ்வரம். இங்கே குடியிருக்கும் நமக்கு அலங்கத்துக்குள் அடங்கிய ஒரு நகரம் புதிய காட்சியே. நெகேமியாவின் புத்தகத்தை வாசிக்கும்போது மனதில் எழும் சித்திரம் அங்கே கல்லாய் நிற்கிறது.

1588-ல் போர்த்துக்கீசர் இங்கே அரண் அமைத்தனர். 1640-ல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பவளப்பாறையும் கருங்கல்லும் கொண்டு நகரத்தைச் சுற்றிலும் மதிலைக் கட்டி முடித்தனர். நிலத்தை நோக்கிய பக்கத்தில் நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்னும் பெயருடைய மூன்று கொத்தளங்கள் உள்ளன. பழைய வாசலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1669 என்னும் ஆண்டும் ரோமன் எழுத்துக்களில் செதுக்கப்பட்டுள்ளன. வெளிப்புறத்தில் இருப்பது, 1796-ல் வந்த பிரிட்டிஷாரின் சின்னம். 1988-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கப்பற்பயணிகள் சில மணி நேரம் இறங்கிப் பார்க்கும் வழக்கமும் இங்கே புதிதன்று. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்பும் வரையில், ஐரோப்பாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றியது காலியில்தான்.

கோட்டை வீதிகளில் தமிழ் காதில் விழும். உள்ளே குடியிருப்போரில் கணிசமானோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். 1911-ல் இந்நகரில் கண்டெடுக்கப்பட்ட சீனத் தளபதி செங் ஹோவின் கல்வெட்டிலும் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழ் உண்டு. அக்கல்லைக் காண விரும்புகிறவர்கள் கொழும்பு அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை எழும்பியபோது, கோட்டைக்கு வெளியே இருந்த பேருந்து நிலையத்தையும் கடைகளையும் கிரிக்கெட் மைதானத்தையும் தண்ணீர் வாரிக்கொண்டது. ஜனங்கள் திரளாய் மாண்டனர். கோட்டையின் உட்புறம் பெரும்பாலும் தப்பியது. உள்ளே தேவாலயம் இருந்தபடியால் தப்பியது என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அதே அலங்கத்துக்குள் மசூதியும் பௌத்த விகாரையும் இருக்கின்றன, அவையும் காக்கப்பட்டன. அதே நாளில் நமது வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர் எத்தனையோ பேர் அலையில் மடிந்தனர். மதிலைக் காட்டி, மரித்தவர்களை நியாயந்தீர்க்க நமக்கு உரிமையில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்தவர்களைக்குறித்து நம் ஆண்டவர் என்ன கேட்டார் என்பதை நாம் அறிவோம்.

அந்தத் தேவாலயத்தைத் தவறாமல் பாருங்கள். 1755-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையின் ஆலயம் அது. தரையெங்கும் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் நடந்துதான் உள்ளே செல்லவேண்டும். ஆனால் கல்லில் எழுதப்படாத ஒரு சரித்திரமும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் தீவு மக்கள் உத்தியோகம் பெறவும், சொத்துரிமையை நிலைநாட்டவும், விவாகத்தைப் பதிவு செய்யவும், ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று ‘தோம்பு’ எனப்பட்ட பதிவேட்டில் பெயர் இருப்பது தேவைப்பட்டது. பெயர்கள் லட்சக்கணக்கில் ஏறின. 1796-க்குப் பின்பு அந்தக் கட்டாயம் நீங்கவே, ஏறினவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய வழிபாட்டுக்கே திரும்பினர். பலத்த அலங்கமும் பெரிய ஆலயமும் இருந்தன. மனந்திரும்புதல் மட்டும் இல்லை. முழுக்கு ஞானஸ்நானத்துக்காக உறவினரின் பகையைச் சுமந்தவர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நலம்.

இதே நகரத்தின் வழியாய்த்தான், பதிவேடில்லாத வேறொரு ஊழியமும் தொடங்கிற்று. 1813-ன் முடிவில் தாமஸ் கோக் என்னும் மெதடிஸ்ட் ஊழியர் ஒரு சிறிய குழுவோடு இலங்கைக்குப் புறப்பட்டார். 1814 மே மாதத்தில் அவர் கப்பலிலேயே மரித்தார். சரீரம் இந்தியப் பெருங்கடலில் அடக்கம் செய்யப்பட்டது. தலைவனை இழந்த வாலிபர்கள் ஜூன் மாத இறுதியில் வெலிகாமத்தில் கரையிறங்கி, காலியில் கூடி, யார் எங்கே போவதென்று தீர்மானித்தார்கள். கிளவ் காலியில் தங்கினார். எர்ஸ்கின் மாத்தறைக்குப் போனார். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் தமிழ் கற்று ஊழியஞ்செய்ய யாழ்ப்பாணத்துக்குச் சென்றனர். மட்டக்களப்புக்குப் போன ஆல்ட் ஒரு வருடம் முடியுமுன்னே, 1815-ல், அங்கேயே நித்திரையடைந்தார். லிஞ்ச் 1817-ல் கடல் கடந்து சென்னைக்கு வந்து, அங்கே மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கினார்.