மிட்டியை விட்டுவிடலாம்

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர், 1939இல் ‘நியூயார்க்கர்’ இதழில் ஒரு சிறுகதை எழுதினார். அதன் நாயகன் வால்டர் மிட்டி, வாயில்லாப் பூச்சி. மனைவியைத் தலையலங்காரக் கடையில் இறக்கிவிட்டு, அவள் சொன்ன சாமான்களை வாங்கப் போகிறான். வழியெல்லாம் மனக்கோட்டைதான். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து இயந்திரம் மக்கர் செய்கிறது. பெரிய பெரிய டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மிட்டி பழுதான பிஸ்டனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பவுண்டன் பேனாவைச் செருகி இயந்திரத்தை ஓட வைக்கிறான். அடுத்து, கத்தியைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வண்டி நிறுத்துமிடத்து ஆள் அதட்டுகிறான்: காரைப் பின்னால் எடு!

கதை பிரபலமாகி, மிட்டி என்ற பெயர் ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. பகல் கனவு காணும் ஆசாமிகள் எல்லாருக்கும் அதுவே பொதுப்பெயர்.

நானும் அந்த வகையறாதான். மின்கட்டண வரிசையில் நிற்கும்போது சேப்பாக்கத்தில் கடைசிப் பந்தை ஆடிக்கொண்டிருப்பேன். சிக்ஸர் அடித்தால்தான் ஜெயம். பந்து ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கையில், “சில்லறையா இருந்தா குடுங்க சார்” என்பார் கவுன்ட்டர்காரர். சில்லறை இருக்காது. ஆனால், நான் சிக்ஸர் அடித்ததாக அவரிடமோ வீட்டிலோ ஒருநாளும் சொன்னதில்லை.

மிட்டியும் அப்படித்தான். கதை முழுக்க யாரிடமும் அவன் பெருமை பீற்றிக்கொள்வதில்லை. ஆனால் பிரிட்டனில் அந்தப் பெயர் வசவாகிவிட்டது. வாங்காத பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, போகாத போரைப் பற்றிக் கதையளப்பவனை அங்கே சிப்பாய்கள் ‘வால்ட்’ என்பார்கள். இராக் போர் சர்ச்சையில் சிக்கிய ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி 2003 ஜூலையில் இறந்தார். அவரைப் பிரதமர் டோனி பிளேரின் செய்தித் தொடர்பாளர் ஒரு நிருபரிடம் வால்டர் மிட்டியோடு ஒப்பிட்டுப் பேசினார். இறந்த மனிதரைப் பற்றிய பேச்சா இது என்று எதிர்ப்புக் கிளம்பவே, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

சிரிப்பதற்காகப் பிறந்த பெயர், ஒருவரின் சொல்லை யாரும் நம்பக் கூடாது என்பதற்குப் பயன்பட்டது. கனவு காண்பவன் தன் கனவை அடுத்தவர் நம்ப வேண்டும் என்று கேட்பதில்லை. தனக்கே அது நிஜமில்லை என்று தெரியும். ஊரை நம்ப வைத்து அதில் ஆதாயமும் தேடுகிறவன் வேறு ரகம். அவனுக்குப் புளுகன், எத்தன் என்று நம்மிடமே பெயர்கள் இருக்கின்றன. பாவம், மிட்டியை அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.