வெந்நீரும் வனமும்

யானையைப் பார்க்க வேண்டுமென்றால் காட்டுக்குப் போக வேண்டும். வேளைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில், அதுவும் ஓர் உபாத்தியாயரின் சம்பளத்துக்குள், கிடைக்க வேண்டும் என்று கேட்கும் குடும்பம் நம்முடையது. கோடை விடுமுறைதோறும் இந்தக் கோரிக்கை எழும். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிப் பத்து வருஷங்களாகத் தப்பித்து வந்திருக்கிறோம். ஆனால் சென்ற கோடையில் கேட்டவர் நம் தாயார்.

தாயாருக்கு வயது 74. தஞ்சை ஜில்லாவின் வயல்வெளியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே மூத்தவர். மேடு என்று அவர் அறிந்ததெல்லாம் வாய்க்கால் கரைதான். இரண்டு வருஷங்களாக அவருக்குக் கண்ணில் நீரழுத்த நோய். கண்புரையாயிருந்தால் அறுத்து எடுத்துவிடலாம், இது அப்படியல்ல. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக நசித்துவிடும் வியாதி. இருள் ஓரங்களிலிருந்து உள்ளே வரும். "இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தாயார் அதைக் கேட்டு அழவில்லை. ஒரு வாரம் கழித்து, முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"கோயில் யானையெல்லாம் பார்த்தாச்சு. மரம் தானா முளைச்சு, தானா வளர்ந்து, யாரும் வெட்டாம நிக்கற இடம்னு ஒண்ணு இருக்காமே, அதை ஒரு தடவை பார்த்துட்டாத் தேவலை."

"அடுத்த வருஷம்" என்ற சொல் நம் தொண்டை வரையில் வந்து நின்றுவிட்டது.

அன்றிரவே குடும்ப சபை கூடிற்று. எட்டாம் வகுப்பில் படிக்கும் நம் புதல்வன் புலி வேண்டுமென்றான். நம் சகதர்மிணி, புலி வந்தாலும் வராவிட்டாலும் அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும், அதில் வெந்நீர் வேண்டும், அத்தைக்கு முழங்கால் மடங்காதாகையால் உட்கார்ந்து எழும் கழிப்பறை வேண்டும், படி ஏற வைக்கக் கூடாது என்று நான்கு ஷரத்துகள் போட்டாள். ஐந்தாவதாக ஒரு ஷரத்தை நாம் மனத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டோம். அது நம் சட்டைப்பையைப் பற்றியது.

முதலில் எல்லாருடைய வாயிலும் வந்தது முதுமலை. 1940-ல் சரணாலயமாக ஏற்பட்ட இடம்; யானைக்கும் புலிக்கும் பெயர் பெற்றது. தெப்பக்காட்டில் வனத்துறையின் யானை முகாமும் உண்டு. அந்தக் காட்டின் ஓரத்திலுள்ள தனியார் விடுதிகளின் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்தபோது நம் சகதர்மிணியே சிறிது மயங்கிவிட்டாள். பஞ்சு மெத்தை என்ன, கண்ணாடிச் சுவர் என்ன, நீச்சல் குளம் என்ன! குளத்துக்குப் பத்தடி தூரத்தில் காடு.

அந்தப் பத்தடிதான் நம்மை உறுத்திற்று. நீலகிரியின் சீகூர்ப் பகுதி, யானைகள் ஒரு மலைத்தொடரிலிருந்து இன்னொன்றுக்குத் தலைமுறை தலைமுறையாக நடந்து போகும் வழி. அந்த வழியின்மேல் விடுதிகளும் மின்வேலிகளும் வந்தன. 2010-ல் அரசாங்கம் அதை யானை வழித்தடம் என்று அறிவித்தது. விடுதிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2011-ல் அரசாங்கத்தின் அறிவிப்பு சரியே என்றது. 2020 அக்டோபர் 14-ந் தேதி உச்ச நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில், ஒரு தங்குமிடத்தருகே வந்த ஆண் யானையின்மீது எரியும் துணியை வீசிவிட்டார்கள். அது காதில் பற்றிய நெருப்போடு ஓடிய காட்சியைத் தேசம் முழுவதும் கண்டது. யானை பிழைக்கவில்லை.

எல்லா விடுதிகளும் அப்படியென்று சொல்வது அநியாயம். ஆனால் எது எப்படியென்று தஞ்சையில் உட்கார்ந்துகொண்டு நாம் எவ்வாறு அறிவது? இதை வீட்டில் படித்துக் காட்டியபோது, "அந்த மாதிரி எடத்துல வெந்நீர் கொதிச்சாலும் எனக்கு வேண்டாம்" என்றாள் சகதர்மிணி.

சௌகரியமாக உட்கார்ந்து மிருகங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நமக்கு மட்டும் உள்ளதல்ல. கென்யா தேசத்தில் 1932-ல் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிகள் பெரிய அத்திமரம் ஒன்றின்மேல் குடில் கட்டி, அதற்கு 'மர உச்சி' என்ற பொருளில் 'டிரீடாப்ஸ்' என்று பெயரிட்டார்கள். கீழே ஒரு நீர்த்தேக்கம். விருந்தாளிகள் இரவெல்லாம் வாய் பேசாமல் மேலே உட்கார்ந்திருக்க, யானையும் காண்டாமிருகமும் தம் இஷ்டப்படி வந்து நீர் குடித்துப் போகும். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ராஜகுமாரி எலிஸபெத் அங்கே ஓர் இரவு தங்கினார். அந்த இரவிலேயே தகப்பனார் இறந்துபோக, மறுநாள் ராணியாகிவிட்டார். அன்று அவருடன் மரத்தின்மேல் இருந்தவர் நம் குமாவூன் மலையில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட். 1954-ல், வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியில் அந்தக் குடில் எரிந்துபோயிற்று. பிறகு வேறொன்று கட்டினார்கள். ராஜாங்க விவகாரம் எப்படியாயினும், அந்தக் குடிலின் ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. அங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன் மனிதன்.

பிறகு வால்பாறை. அங்கே சிங்கவால் குரங்கு உண்டு, இருவாய்ச்சி உண்டு. ஆனால் ஆழியாற்றிலிருந்து மேலேற 40 கொண்டை ஊசி வளைவுகள் என்று கேள்விப்பட்டுத் தாயாரை நினைத்துப் பயந்தோம். பயந்துவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தோம் என்றால், 70 வளைவுகள் உள்ள கொல்லிமலையை! நம் பள்ளியின் சரித்திர ஆசிரியர் அங்கே போய் வந்து, "கூட்டம் குறைவு, செலவு குறைவு" என்று சொன்னதுதான் காரணம். வளைவுகளைப் பற்றி அந்த மனிதர் மூச்சு விடவில்லை.

புலி கிடையாது என்று புதல்வனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டோம். கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் காட்டுப்பன்றியையும் உடும்பையும் துளைத்துச் சென்றதென்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வகுப்பில் அதை வருஷந்தோறும் வில்லின் பெருமையாகவே நடத்தி வந்திருக்கிறோம். புறப்படுமுன் மறுபடி படித்தபோது, அது அந்த மலையின் மிருகங்களுக்கு ஒரு ஜாபிதாவாகவும் தோன்றிற்று. அந்த ஐந்தில் யானையும் புலியும் இன்று கொல்லியில் இல்லை. பன்றியும் உடும்பும் இருக்கின்றன. ஓரியின் அம்புக்கு அகப்படாமல் கரடியும் இருக்கிறது. "கரடி போதும்" என்று பெரிய மனத்தோடு ஒப்புக்கொண்டான் பையன்.

காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். இருபதாவது வளைவில் சகதர்மிணி எலுமிச்சம்பழத்தை முகரத் தொடங்கினாள். முப்பத்தைந்தில் புதல்வன் வண்டியை நிறுத்தச் சொன்னான். நம் நிலைமையைப் பற்றி எழுதாமலிருப்பதே நலம். தாயார் மட்டும் ஜன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எத்தனையாவது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எண்பலகையை அவரால் படிக்க முடியவில்லை. ஆனால் அடிவாரத்துப் புழுக்கம் போய்க் காற்று குளிர்ந்த இடத்தை நமக்கு முன்பே அவர்தான் சொன்னார்.

முதல் இரவுக்கு ஒரு விடுதியில் சொல்லி வைத்திருந்தோம். நான்கு ஷரத்துகளும் அங்கே குறைவின்றி நிறைவேறின. குழாயைத் திருகினால் வெந்நீர், வெள்ளை வெளேரென்ற கழிப்பறை, ஒரு படிகூடக் கிடையாது. ஆனால் இரவு ஏழு மணிக்கு முற்றத்தில் நெருப்பு மூட்டி, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்தார்கள். பதினோரு மணி வரையில் அது ஓயவில்லை. மரங்களின்மேல் பச்சையும் சிவப்புமாக விளக்குகளைப் பாய்ச்சியிருந்தார்கள். விடிந்ததும் சமையற்கட்டின் பின்புறத்தில் இலைகளைக் கொட்ட, குரங்குக் கூட்டம் வந்து விழுந்தது. "வனவிலங்கு பாருங்கள்!" என்றார் விடுதிக்காரர் பெருமிதத்தோடு. அதில் ஒரு தாட்டியான குரங்கு நம் புதல்வன் கையிலிருந்த இட்டிலியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. குரங்கின்மேல் நமக்குக் கோபமில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு.

"இது நம்மூர் கல்யாண மண்டபம் மாதிரின்னா இருக்கு. காடு எங்கடா?" என்றார் தாயார்.

முன்பணம் போனால் போகிறதென்று மூட்டையைக் கட்டினோம். கொல்லிமலையை நாடு நாடாகப் பிரித்து வழங்குகிறார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று பதினான்கு. அவற்றில் ஒன்று ஆலத்தூர் நாடு. அங்கே மலையாளிக் குடியானவர் ஒருவர் காப்பித் தோட்டத்தினிடையே இரண்டு அறை கட்டி வருகிறவர்களுக்கு விடுகிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். (மலையாளி என்றால் மலையை ஆள்பவர், மலைவாசி, கேரளத்தவரல்ல. இவர்கள் பேசுவது தமிழே.)

ஓட்டு வீடு. முன்னால் ஒரு திண்ணை. திண்ணைக்கு எதிரே பலா மரங்கள். அவற்றுக்கப்பால் சரிவில் ஒரு சோலை. மரவள்ளியும் மிளகும் காப்பியும் மலையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்ட பிறகும், சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் கோயில் காடுகளிலும் இப்படிப் பச்சை மாறாத சோலைகள் மிஞ்சியிருக்கின்றன. சகதர்மிணி நேரே கழிப்பறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தாள். உட்கார்ந்து எழுகிற மாதிரிதான். வெந்நீர்?

"வெறகடுப்புல அண்டா எந்நேரமும் காயுதுங்கம்மா. சொன்னாப் போதும், கொண்டாந்து ஊத்திருவோமுங்க" என்றார் வீட்டுக்காரர்.

புதல்வன், மிருகம் காட்டுவீர்களா என்று கேட்டான். அவர் சிரித்தார். "அது நம்ம கையில இல்லீங்க தம்பி. வந்தா வரும். இப்பப் பலாப் பழுக்குற காலம், கரடி நடமாட்டம் உண்டுங்க. பொழுது சாஞ்சா யாரும் வெளியில எறங்கக் கூடாதுங்க. வெளக்கையும் ஒம்பது மணிக்கு அமத்திருவோம்."

அந்தப் பதிலில் நமக்கு இருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்தது. நேயர்களில் யாரேனும் இப்படிப் புறப்படுவதானால், விடுதிக்காரரிடம் மெத்தையைப் பற்றிக் கேட்பதற்கு முன் விளக்கை எப்போது அணைப்பீர்கள், எச்சிலிலையை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கட்டாயம் மிருகம் காட்டுகிறேன் என்பவர் ஒன்று தீனி போடுகிறார், அல்லது பொய் சொல்கிறார். வயதானவர்கள் உடன் வந்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் விசாரிக்க வேண்டும். கொல்லியில் அரசாங்க ஆஸ்பத்திரி செம்மேட்டில் இருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஆகையால் அந்தப் பக்கம் நாம் தலைவைக்கவில்லை. அறப்பளீசுவரரை மட்டும் தரிசித்துத் திரும்பினோம்.

இரவு சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். விளக்கு அணைந்ததும் கவிந்த இருட்டைப் போல் ஓர் இருட்டை நாம் கண்டதில்லை. நமக்கும் தாயாருக்கும் அப்போது பார்வையில் வித்தியாசமே இல்லை. அவரோ அதற்கு ஏற்கெனவே பழகியிருந்தார். "தண்ணி ஓடுது, வலப்பக்கம். மேலே ஏதோ பழத்தைக் கடிச்சுத் துப்பறது, வௌவாலா இருக்கும்" என்று திண்ணைக் கதவருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்குமேல் பலா மரத்தடியில் சரசரவென்று சப்தம், ஓர் உறுமல், ஏதோ கனமாக விழுந்தது. புதல்வன் நம் கையை விடவில்லை. யாரும் டார்ச்சு அடிக்கவில்லை.

விடியுமுன் சோலைக்குள்ளிருந்து யாரோ சீட்டியடிக்கிற ஓசை கேட்டு விழித்தோம். ராகம் பிடிபடாத, பாதியில் மறந்து மறுபடி ஆரம்பிக்கிற சீட்டி. இருபது வருஷ உத்தியோக வாசனை, "எவன்டா அது?" என்று அதட்டிக்கொண்டே எழுந்துவிட்டோம். வீட்டுக்காரர் ஓடைப்பக்கம் கை காட்டினார். கறுநீல நிறத்தில் ஒரு பறவை. ஆங்கிலேயர் இதற்குச் 'சீட்டியடிக்கும் பள்ளிப் பையன்' என்றே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குப் புத்தகத்தில் தெரியும். காதுக்குத் தெரியாமல் போயிற்று. தாயார் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

வெயில் வந்தபின் வீட்டுக்காரர் எங்கள் எல்லாரையும் பலா மரத்தடிக்கு அழைத்துப் போனார். பிளந்து கிடந்த பழம், சிதறிய கொட்டைகள், அடிமரத்தில் புதிதாகக் கிழிந்த நகக் கீறல்கள். பையன் துள்ளினான். தாயார் குனிந்து பார்த்தார்; அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல், "குடுங்க ஆத்தா" என்று அவருடைய கையைப் பிடித்து மரத்தின்மேல் வைத்தார். தாயார் நான்கைந்து கோடுகளையும் விரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். பால் இன்னும் பிசுபிசுத்தது. விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி தடவினார். நாம் சோலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டோம்.

மூன்று நாள் இருந்தோம். புதல்வன் கணக்கில் சேர்ந்தவை இரண்டு காட்டுப்பன்றி, ஓர் உடும்பு, எண்ணற்ற குரங்கு. மொத்தச் செலவு, அந்த முதல் விடுதியில் போன முன்பணத்தையும் சேர்த்தே, மசினகுடியில் ஓர் இரவுக்குக் கேட்டதைவிடக் குறைவு.

ஊர் திரும்பியபின் கண் வைத்தியரிடம் போனோம். அழுத்தம் முன்போலவே இருக்கிறது, மருந்தை விடாதீர்கள் என்றார். காத்திருந்த கூடத்தில் பக்கத்திலிருந்த அம்மாளிடம், "கொல்லிமலையிலே கரடியைத் தொட்டுப் பார்த்தேன்" என்று தாயார் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நம்மைப் பார்த்தாள். நாம் மறுக்கவில்லை.