இரண்டு பவுண் சீட்டின் பின்னால்

பிரித்தானியாவில் எம்மவர் நடத்தும் மூலைக்கடைகளில் பாலுக்கும் பாணுக்கும் நடுவே தேசிய லொத்தர் இயந்திரமும் இருக்கும். 2 பவுண் லொட்டோ சீட்டு ஒன்று விற்றால் கடைக்காரருக்கு 5 சதவீதத் தரகு, 10 பென்ஸ். அரசுக்கு 12 சதவீத வரி, 24 பென்ஸ். அந்த இயந்திரத்தை இயக்குபவர் யார் என்று தீர்மானிக்கும் ஒப்பந்தத்தைப் பற்றி நம்மில் பலர் யோசிப்பதில்லை. வீதிக்குத் தார் போடும் கேள்விப்பத்திரத்தில் அரசு காசு கொடுத்து வேலையை வாங்குகிறது. லொத்தரிலோ மக்களின் நப்பாசையை ஆண்டுக்கணக்கில் விற்கும் தனியுரிமையை ஒரேயொரு நிறுவனத்திடம் தூக்கிக் கொடுக்கிறது. ஆகவே மற்ற எந்தக் கொள்வனவையும்விட இங்கே தெரிவுமுறை இறுக்கமாக இருக்க வேண்டும்.

இந்த நாடு அதை அடிபட்டே கற்றது. 1994இல் முதல் உரிமம் கேமலொட் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதன் பங்காளிகளில் ஒன்றான ஜிடெக்கின் விமானத்தில், லொத்தரை மேற்பார்வை செய்யவேண்டிய பீட்டர் டேவிஸ் இலவசமாகப் பறந்தது பின்னர் வெளிவந்தது. 1998இல் அவர் பதவி விலக நேர்ந்தது. 2000இல் இரண்டாம் உரிமத்துக்குப் போட்டியிட்ட இருவரின் விண்ணப்பங்களும் போதாது என்ற லொத்தர் ஆணைக்குழு, திருத்திக்கொள்ள ரிச்சர்ட் பிரான்சன் தரப்புக்கு மட்டும் அவகாசம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அது நியாயமற்றது என்றது. ஆண்டு முடிவில் உரிமம் மறுபடி கேமலொட்டுக்கே போனது. இலாபம் எடுக்காமல் நடத்துவதாகச் சொன்னவர் பிரான்சன்தானே என்று கேட்கலாம். அந்த நல்லெண்ணத்துக்குக் கூடுதல் புள்ளி போடலாம். ஆனால் ஒருவருக்குத் திறந்த கதவை மற்றவருக்குச் சாத்த முடியாது.

விதி இறுகினால் வழக்குப் பெருகும், நற்பணிகளுக்குப் போகவேண்டிய பணம் முடங்கும் என்பது இன்னொரு மறுப்பு. 2022 மார்ச்சில் நான்காம் உரிமத்துக்கு அல்வின் நிறுவனம் தெரிவானதும் கேமலொட் வழக்குப் போட்டது. சட்டப்படி கைச்சாத்து தானாகவே நின்றது. ஆனால் ஜூனில் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, செப்டெம்பரில் கேமலொட் அதற்கெதிரான மேன்முறையீட்டைக் கைவிட்டது, 2024 பெப்ரவரி 1இல் அல்வின் பொறுப்பேற்றது. உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: 2023இல், தோற்ற கேமலொட்டை வென்ற அல்வினே விலைக்கு வாங்கிவிட்டது. மோதிய இருவர் ஒருவரானால் அடுத்தமுறை போட்டிக்கு ஆள் குறையும். தெரிவு நாளோடு விதியின் வேலை முடிந்துவிடக் கூடாது. சூதே பாவம், அதற்கென்ன நேர்மை என்போர் 2003இல் லாட்டரியைத் தடைசெய்த தமிழ்நாட்டைக் காட்டலாம். தடுப்பது ஒரு வழி. அனுமதித்து வரியும் வாங்கும் அரசுக்கு அந்தச் சாக்கு இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் சீட்டு விற்றால் கடைக்காரர் அந்த இயந்திரத்தையே இழக்கலாம். 10 பென்ஸுக்கு நிற்பவரிடம் கேட்கும் ஒழுங்கை, 10 ஆண்டு உரிமத்தைக் கொடுப்பவரிடமும் வாங்குபவரிடமும் கேட்பதுதான் முறை.