தாடை மூட்டைத் திறக்கும் கைகள்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் ஒரு களப்பார்வை

தாடை மூட்டு என்பது கீழ்த்தாடை எலும்பின் உருண்ட முனை, காதுத் துளைக்குச் சற்று முன்னே கபாலத்தில் உள்ள குழிவில் பொருந்தி அமைவதால் உண்டாகும் மூட்டாகும். வலத்திலும் இடத்திலுமாக இரண்டு மூட்டுகள் ஒரே எலும்பால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று பழுதானால் மற்றொன்று தனித்து இயங்க இயலாது. முனைக்கும் குழிவுக்கும் இடையே நார்க்குருத்தெலும்பாலான மெல்லிய வட்டு ஒன்று, தலைக்கும் சுமைக்கும் நடுவே வைக்கும் சும்மாட்டைப் போல அமர்ந்திருக்கிறது. வாய் திறக்கும்போது முதல் 25 மில்லிமீட்டர் அளவு வரை முனை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் முனையும் வட்டும் சேர்ந்து முன்னோக்கிச் சறுக்க வேண்டும். நலமான பெரியவருக்கு முன்பற்களுக்கிடையே 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறப்பு இருக்கும். அளவுகோல் கையில் இல்லாத இடத்தில், நோயாளி தம் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்ப்பதே போதுமான சோதனையாகக் கொள்ளப்படுகிறது.

இந்தச் சிறிய மூட்டுக்குக் கைகளால் செய்யப்படும் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகள் பொருத்தமான களமாக அமைகின்றன. பாலக்காட்டின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் எனத் தமிழ் பேசும் உழவர்களும் கூலியாட்களும் நிறைந்த ஊர்கள் உள்ளன; இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியார் ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரும், போடி, கம்பம் பக்கத்திலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வந்து செல்லும் பெண்களும் உள்ளனர். இவர்களுக்குத் தாடை பிடித்துக்கொண்டால் நாடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கைத்திறன்கள் அருகருகே உள்ளன: மருத்துவமனையில் பணியாற்றும் இயன்முறை சிகிச்சையாளர், அதாவது மக்கள் ‘பிசியோ’ என்று அழைப்பவர், கேரள ஆயுர்வேத மரபில் எண்ணெயிட்டு உழிச்சில் எனும் உடல் பிடித்துவிடலைச் செய்பவர், தமிழகப் பக்கத்துச் சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனும் கைமுறையும் வர்மப் புள்ளிச் சிகிச்சையும் பயின்ற ஆசான். இம்மூவரும் ஒரே இடத்தில் கை வைத்தாலும் ஒரே பொருளைத் தேடுவதில்லை என்பதே ஒப்பீட்டின் தொடக்கம்.

எனினும் நுட்பங்களுக்குள் புகுமுன், வாய் ஏன் திறக்கவில்லை என்ற கேள்வியில் நெடுநேரம் தங்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இப்பகுதியில் தவறு நேரக்கூடிய இடம் அதுவே. வெற்றிலையோடும் தனியாகவும் பாக்கு மெல்லும் பழக்கம் தோட்டத்திலும் வயலிலும் ஊறிப்போனது. நெடுங்காலம் பாக்கு மென்றவரின் கன்னத்து உட்சவ்வு வெளுத்து, அடியில் நார்ப்பட்டைகள் உருவாகி, காரம் பட்டால் எரிந்து, வாய் மெல்ல மெல்லச் சுருங்கிவிடுகிறது. வாய்ச் சவ்வடி நாரிறுக்கம் எனத்தக்க இந்நோய்க்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை 1953இல் இட்டவர் இந்தியரான எஸ். ஜி. ஜோஷி. இது புற்றாக மாறும் வாய்ப்புள்ள நிலை. பாக்கே புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இத்தகையவரின் மூட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும் என்பதால், காதுக்கு முன்னே எவ்வளவு அழுத்தினாலும் சறுக்க வைத்தாலும் பயனில்லை; கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவி, கயிறு போல் நெருடும் பட்டைகளை உணர்ந்தவுடன் சிகிச்சையாளர் கையை எடுத்துவிட்டுப் பல் மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

இதைவிட அவசரமான மற்றொரு நிலையும் உண்டு. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும்போதோ மண்வெட்டி பட்டோ காயமுற்றவருக்கு, சில நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தாடை இறுகத் தொடங்கினால் அது இரணஜன்னியின், அதாவது டெட்டனஸின், முதல் அடையாளமாக இருக்கக்கூடும். அங்கே ஒரு நிமிடம் உழிந்து பார்ப்பதும் உயிருக்குக் கேடு. முளைத்து முடியாத கடைவாய்ப் பல்லைச் சுற்றிய சீழ், கழுத்திலோ வாயிலோ புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற பின் தோன்றும் இறுக்கம், தாடை எலும்பின் முறிவு ஆகியனவும் இதே முறையீட்டோடு வந்து சேர்கின்றன. ‘கடவாய் பிடிச்சுக்கிச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை நோய்கள் அடங்கியிருப்பதால், தேர்ந்த கைக்கு அடையாளம் அது செய்யும் அசைவைவிட, செய்யாமல் நிறுத்திக்கொள்ளும் தெளிவே என்று உறுதியாகச் சொல்லலாம்.

இவை விலக்கப்பட்ட பின் எஞ்சுவோர் இரு திரளாகப் பிரிகின்றனர். வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கமாகக் கோணிச் சென்று, அப்பக்கமே விலகி நின்றுவிடுமாயின், அந்தப் பக்கத்து முனை முன்னோக்கிச் சறுக்கவில்லை என்று பொருள். வட்டு முன்னே நழுவித் தடையாகக் கிடக்கலாம், அல்லது மூட்டுறை இறுகியிருக்கலாம். மாறாக, திறப்பு ஓரளவு நேராகவே இருந்து, கன்னத்திலும் பொட்டிலும் வலி பரவி, விரலால் சற்று அழுத்திக் கொடுத்தால் வாய் மேலும் விரியுமாயின், குறை தசையில் இருக்கிறது. இரவில் பல்லை நறநறவென்று கடிப்போரிடமும், பகலில் தம்மை அறியாமலே பற்களை இறுக்கி வேலை செய்வோரிடமும் இரண்டாவது நிலையே மிகுதி.

மூட்டு இறுக்கத்துக்கான அடிப்படை நுட்பம் கையுறை அணிந்த கட்டைவிரலைப் பாதிக்கப்பட்ட பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, மற்ற விரல்களால் தாடையை வெளியிலிருந்து தாங்கி, கீழ்நோக்கி மெதுவாக விலக்குவதாகும். மற்றொரு கை நெற்றியையோ பொட்டையோ அசையாமல் பிடித்திருக்கும். அதன் நடுவிரல் மூட்டின் மேலேயே தங்கி, முனை நகர்வதை உணர்ந்துகொண்டிருக்கும். மூட்டுப் பரப்புகளுக்கிடையே இடைவெளி கிடைத்த பின்னரே முன்னோக்கிய சறுக்கலும் பக்கவாட்டுச் சறுக்கலும் கொடுக்கப்படுகின்றன. எவ்வளவு விசை என்பதற்கு ஆஸ்திரேலியரான ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த நான்கு படிநிலைகள் பெரிதும் பின்பற்றப்படுகின்றன: முதல் இரண்டும் தடை தொடங்கும் எல்லைக்கு முன்பே நின்றுவிடும் மென்மையான அசைவுகள், வலி மிக்கவருக்கு உரியவை; அடுத்த இரண்டும் தடைக்குள் நுழையும் அசைவுகள், வலி குறைந்து இறுக்கம் எஞ்சியவருக்கு உரியவை. இவ்வரிசையைப் புரட்டி, வலியோடு வந்தவருக்கு முதல் நாளிலேயே நான்காம் படியைக் கொடுத்தால், காக்கும் நோக்கில் தசைகள் மேலும் இறுகி, திறப்பு குறைந்தே வீடு திரும்ப நேரும்.

தசை வலிக்கான கைமுறை வேறு வகைப் பொறுமையைக் கேட்கிறது. கன்னத்தில் அமைந்த, பல்லைக் கடித்தால் புடைத்தெழும் மாசெட்டர் தசையை, கட்டைவிரல் வாய்க்குள்ளும் ஆள்காட்டி விரல் வெளியிலுமாகக் கிள்ளிப் பிடித்து, தசைக்குள் முடிச்சுப் போல் நெருடி வேறிடத்துக்கு வலியைப் பரப்பும் விசைப்புள்ளிகளைத் தேடி, வலி தணியும் வரை அழுத்தம் கொடுக்கப்படுகிறது. இப்புள்ளிகளையும் அவை வலியைக் கொண்டுசெல்லும் திசைகளையும் ஜேனட் டிராவலும் டேவிட் சைமன்ஸும் 1983இல் வெளியிட்ட கையேடு வரைபடங்களோடு விளக்கியது. மேற்பல் வலி என்றும் காது வலி என்றும் சொல்லி வருவோரிடம் உண்மையில் மாசெட்டர் பேசிக்கொண்டிருப்பதை அவ்வரைபடங்களே பலருக்கும் கற்பித்தன. மேற்கடைவாய்ப் பற்களுக்குப் பின்னே விரலைச் செலுத்தி டெரிகாய்டு எனும் ஆழ்தசையை அழுத்தும் வழக்கமும் உண்டு. ஆனால் விரல் அத்தசையை மெய்யாகவே தொடுகிறதா என்பதில் உடற்கூறியலாருக்கு ஐயம் இருப்பதாலும், நோயாளிக்கு அது மிகுந்த துன்பம் தருவதாலும், அதைத் தவிர்ப்பதே நன்று. கழுத்தின் மேல் மூன்று முள்ளெலும்புகளுக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவதற்கோ தக்க காரணம் இருக்கிறது: முகத்தின் உணர்ச்சி நரம்பும் மேற்கழுத்து நரம்புகளும் மூளைத்தண்டின் ஒரே நிலையத்தில் சேர்வதால், கழுத்தின் வலி தாடையில் உணரப்படும்.

இக்கைத்தொழிலுக்கே உரிய ஓர் இக்கட்டை இங்கே குறிப்பிட வேண்டும். சிகிச்சையாளரின் விரல் வாய்க்குள் இருக்கும் வரை நோயாளி பேச இயலாது. முழங்காலுக்கோ தோளுக்கோ சிகிச்சை பெறுபவர் ‘போதும்’ என்று சொல்லிவிடலாம், தாடைக்குப் பெறுபவரால் முடியாது. சிகிச்சையாளர் மலையாளத்திலும் நோயாளி தமிழிலும் பேசும் எல்லைப் பகுதியில் இது இரட்டைச் சுமையாகிறது. எனவே தொடங்கும் முன்பே, கையை உயர்த்தினால் உடனே நிறுத்தப்படும் என்ற உடன்பாட்டைச் செய்துகாட்டி, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துக்கொள்வது மரியாதை மட்டுமன்று, சிகிச்சையின் பகுதியே ஆகும். அச்சம் நீங்கிய தாடை தானாகவே சில மில்லிமீட்டர் தளர்ந்து கொடுக்கும்.

மரபு முறைகளுக்கு வந்தால், கேரள வைத்தியர்கள் பெரிதும் போற்றும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் தாடை விலகலையும் இறுக்கத்தையும் வாத நோய்களுள் வைத்து, நாக்கை மிகையாக வழித்தல், உலர்ந்த பண்டங்களை மெல்லுதல், அடிபடுதல் ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறுகிறது. மெல்லும் சுமையைக் காரணமாகக் கண்ட அந்நோக்கு இன்றைய அறிவோடு ஒத்துப்போகிறது. முகத்துக்கு எண்ணெயிட்டு, இதமாக ஒற்றடமிட்டு, பின் மூக்கில் மருந்தெண்ணெய் விடும் நஸ்யம் செய்வது அம்மரபின் வரிசை. சித்த மருத்துவம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணத்தை ஒன்பதாக வகுக்கிறது. இவற்றுள் பிடித்தலும் அழுத்தலும் விசைப்புள்ளிச் சிகிச்சைக்கு மிக நெருங்கியவை. இழுத்தலும் அசைத்தலும் மூட்டு விலக்கலுக்கு உறவானவை. ஆனால் மரபுக் கை பெரும்பாலும் தோலுக்கு வெளியிலேயே நிற்கிறது. கன்னத்துத் தசை வலிக்கு அது தரும் வெப்பமும் தளர்ச்சியும் மெய்யான பயனே. நழுவிய வட்டால் பூட்டிக்கொண்ட மூட்டுக்கோ வாய்க்குள்ளிருந்து கீழ்நோக்கி விலக்கும் அசைவே தேவைப்படுகிறது.

இதற்கு விலக்காக, கொட்டாவி விடும்போது தாடை முழுவதுமாக முன்னே நழுவி வாய் மூட முடியாமல் போகும் நிலையில் எல்லா மரபுகளும் ஒன்றுகூடுகின்றன. கி.மு. 1600 அளவிலான எகிப்திய எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், கட்டைவிரல்களை வாய்க்குள்ளும் மற்ற விரல்களை முகவாய்க்குக் கீழும் வைத்துத் தாடையைப் பின்னே விழச் செய்யும் முறையைச் சொல்கிறது; சுசுருதர் எலும்பை இடத்தில் சேர்த்து, வியர்வையூட்டி, ஐந்து தலைப்புகள் கொண்ட கட்டுப்போடச் சொல்கிறார். இன்றைய அவசரப் பிரிவில் மருத்துவர் செய்வதும் அடிப்படையில் அதுவே. தாடை பொருந்தும் கணத்தில் பற்கள் சட்டென்று மூடும் என்பதால் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொள்வது மட்டும் கூடுதல்.

எந்த நுட்பம் மேல் என்ற கேள்விக்கு 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டுதல் உதவுகிறது. நாள்பட்ட தாடை வலிக்கு, சிகிச்சையாளர் கையால் மூட்டை அசைத்தல், விசைப்புள்ளிகளைக் கையால் அழுத்துதல், மேற்பார்வையோடு கூடிய தாடைப் பயிற்சியும் நீட்டலும், உடல்நிலைப் பயிற்சி, சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றை அது வலுவாகப் பரிந்துரைத்தது. பற்களின் அமைப்பை மீளாதபடி மாற்றும் வாய்த்தாங்கிகளை வலுவாக மறுத்தது. மூட்டுக் கைமுறையையும் தசைக் கைமுறையையும் எதிரெதிராக நிறுத்தாமல் இரண்டையும் ஒரே வரிசையில் அது வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. எதை முதலில் எடுப்பது என்பதைத் திறப்பின் கோணலும் வலியின் இடமும் தீர்மானிக்க வேண்டும்.

எல்லைப் பகுதியைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் மற்றொன்றும் உள்ளது. கொழுந்தெடுப்பவருக்கும் ஏலக்காய் எடுப்பவருக்கும் மருத்துவமனைக்கு ஒரு நாள் செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். வாரத்துக்கு இருமுறை வரச்சொல்லும் எந்தச் சிகிச்சையும், அது எவ்வளவு சிறந்ததாயினும், இரண்டாம் வாரத்தில் அறுந்துபோகும். ஆகவே இங்கே உயர்ந்த நுட்பம் நோயாளியின் கைக்கே மாற்றிக் கொடுக்கக்கூடிய நுட்பம்தான் என்று கருதத் தோன்றுகிறது. சிலி நாட்டு இயன்முறை அறிஞர் மரியானோ ரோகபாடோ வகுத்த ஆறு பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஆறு முறை, நாளுக்கு ஆறு வேளை என்ற எளிய கணக்கில் அமைந்தவை. நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டி, அது விலகாத அளவுக்கே வாய் திறந்து மூடுவது அவற்றுள் ஒன்று. நாக்கு அண்ணத்தில் இருக்கும் வரை முனை சுழலுமே தவிரச் சறுக்காது என்பதால் நொந்த மூட்டுக்கு அது காப்பாகிறது. தேயிலைச் செடி வரிசைக்கு நடுவே நின்றபடியும், ஜீப்பில் அமர்ந்தபடியும், கூலி இழப்பின்றி அதைச் செய்யலாம். நார்ப்பட்டை நோயாளிகளுக்குப் பல் மருத்துவத் துறைகள் கற்றுத்தரும் ஐஸ் குச்சிப் பயிற்சியும் இவ்வகையினதே: பற்களுக்கிடையே அடுக்கும் குச்சிகளில் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சென்று, முன்னேற்றத்தை நோயாளி தாமே எண்ணிப் பார்க்கிறார்.

இதற்குத் துணையாக, ஒவ்வொரு வருகையிலும் திறப்பின் மில்லிமீட்டர் அளவையும், தாடை கோணிய பக்கத்தையும், கொடுக்கப்பட்ட அசைவையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சீட்டில் எழுதி நோயாளியிடம் கொடுக்கும் வழக்கம் எங்கும் நிலைபெற வேண்டும். இம்மாதம் மூணாற்றிலும் அடுத்த மாதம் தேனியிலும், அல்லது ஒருமுறை சித்தூரிலும் மறுமுறை கோயம்புத்தூரிலும் வாய் திறந்து காட்டும் ஒருவருக்கு, முந்தைய கை எங்கே நிறுத்தியது என்பதை அடுத்த கைக்குத் தெரிவிக்க அந்தச் சீட்டைத் தவிர வேறு வழியில்லை.