மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து

2017 ஜூலையில் செஸ்டர் பென்னிங்டன் மறைந்தார். அன்றிலிருந்து அண்ணன் காரில் லிங்கின் பார்க் பாடல்கள் ஒலித்ததே இல்லை. ஏழாண்டு கழித்து, 2024 நவம்பரில் அக்குழுவின் 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பம் வந்தது. புதிய பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங். டிரம்ஸ் வாசித்த ராப் போர்டனும் விலகியிருந்தார்.

"செஸ்டர் இல்லாம என்ன லிங்கின் பார்க்?" என்றார் அண்ணன். எனக்கும் அதே கோபம்தான்.

'ஸீரோ' என்பது குழுவின் ஆரம்பகாலப் பெயர் என்று தெரிந்த பிறகே கேட்டேன். மைக் ஷினோடாவின் ராப்பில் அதே வேகம். எமிலி யாரையும் நகலெடுக்காமல் தன் குரலிலேயே வெடிக்கிறார். இறந்தவரின் நாற்காலி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் சிரம்பான் போகும் வழியில் அதைப் போட்டேன். "செஸ்டர் மாதிரி இல்ல" என்றார் அண்ணன். ஆனால், நிறுத்தச் சொல்லவில்லை.