எட்டு நிறத்தில் ஒரு ஹெரிஸ்

பொம்மை வீட்டுக்குக் கிராஸ் ஸ்டிட்ச்சில் கம்பளம் தைக்க நினைப்பவர்கள், கடையில் நூல் வரிசையைப் பார்த்ததும் இருபது, இருபத்தைந்து நிறங்களை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. டி.எம்.சி. என்ற நூல் நிறுவனம் ஒன்றில் மட்டுமே ஐந்நூறு நிறங்கள் இருக்கின்றன. அத்தனையும் பளபளத்துக்கொண்டு அடுக்கில் நின்றால் கை சும்மா இருக்காது. ஆனால் சின்னக் கம்பளத்துக்கு எட்டு நிறம் போதும். அந்த எட்டையும் கடையில் நின்று தீர்மானிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். பொம்மை வீடுகளில் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுதான் வழக்கம். 1924இல் வெம்பிளி கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைத்த ராணி மேரியின் பொம்மை வீட்டைக் கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் வடிவமைத்ததும் அந்த அளவில்தான். நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். ஆகவே பன்னிரண்டடி நீளமும் ஒன்பதடி அகலமும் கொண்ட கூடத்துக் கம்பளம், பன்னிரண்டுக்கு ஒன்பது அங்குலமாகச் சுருங்கும். அங்குலத்துக்கு 18 கட்டம் உள்ள கான்வாஸில் தைத்தால் மொத்தம் 34,992 தையல்கள். அசல் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முடிச்சு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஏழேமுக்கால் லட்சம் முடிச்சுகள் வரும். நம்முடைய ஒரு தையல் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட முடிச்சுகள் செய்த வேலையைச் செய்யவேண்டும். இளஞ்சிவப்பிலிருந்து சிவப்புக்கு மெல்ல மெல்லப் போகும் ஐந்து படிகளுக்கு இங்கே இடமே கிடையாது. அடுத்தடுத்த இரண்டு சாயல்களை அருகருகே தைத்தால், ஓரடி தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். வாங்கிய நூலும் வீண், எண்ணிய நேரமும் வீண்.

ஹெரிஸ் கம்பளங்களை நான் திரும்பத் திரும்பத் தைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரானின் வடமேற்கில், தப்ரீஸ் நகருக்குக் கிழக்கே உள்ள ஊர் ஹெரிஸ். அங்கே நெய்யும் கம்பளங்களில் பூவும் இலையும் வளைவதில்லை, முறிந்து முறிந்து கோணமாகத்தான் போகும். கட்டம் போட்ட துணிக்கு அது பெரிய வரம். நடுவில் ஒரு பெரிய கருநீலப் பதக்கம், சுற்றிலும் செங்கல் சிவப்பு, நான்கு மூலைகளிலும் பாலேட்டு நிறம், கரையில் மறுபடியும் கருநீலம்: பெரும்பாலான ஹெரிஸ்களின் அமைப்பு இதுதான். மற்ற நிறங்களெல்லாம் இந்த மூன்றுக்கும் துணை.

நிறங்கள் ஏன் இத்தனை குறைவு என்பதற்குச் சாயப்பானையைப் பார்க்கவேண்டும். நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேர் சிவப்பைக் கொடுத்தது. அவுரி நீலத்தைக் கொடுத்தது. மஞ்சளுக்கு வேறு செடிகள். பச்சைக்கென்று தனிப்பானை கிடையாது. மஞ்சள் ஏறிய கம்பளியை அவுரியிலும் முக்கி எடுப்பார்கள். காலப்போக்கில் மஞ்சள் வெளுத்து நீலம் தங்கிவிடுவதால், பழைய கம்பளத்துப் பச்சை எப்போதும் நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். கறுப்புக்கு இரும்புச் சத்து சேர்த்துச் சாயமேற்றினார்கள். அது கம்பளியை அரிக்கும், நிறமும் பழுப்பாகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் கண் தானாகவே சில அடுக்குகளைத் தாண்டிவிடும். இலைப்பச்சையும் குங்குமச் சிவப்பும் பளீர் வெள்ளையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பானைகளிலிருந்து வந்தவை அல்ல.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபில் கம்பளம் ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளம். அதன் மேலேயே ஹிஜ்ரி 946 என்று நெய்திருக்கிறார்கள், அதாவது 1539–40. அந்தப் பிரம்மாண்டத்துக்கே பத்து நிறங்கள்தான்.

நான் எடுக்கும் எட்டையும் சொல்லிவிடுகிறேன். எண்கள் டி.எம்.சி. எண்கள். தரைக்கு 355, செங்கல் சிவப்பு. அதனோடு சேர 3777, அதே குடும்பத்தில் ஒரு படி ஆழம். நீலத்தில் 336, 931. மூலைகளுக்கு 739. தவிட்டு மஞ்சளுக்கு 3045. பச்சைக்கு 501. கோடு வரைய 3371, கறுப்பை ஒட்டிய பழுப்பு. 310 என்ற சுத்தக் கறுப்பை நான் தொடுவதில்லை. சின்ன அளவில் அது கோடாக நிற்காமல் ஓட்டையாகத் தெரியும்.

நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஆங்கர் நூல். இந்த எண்ணுக்கு அந்த எண் என்று ஒப்பீட்டு அட்டவணைகள் உண்டு. ஆனால் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் பல ஜோடிகள் கொஞ்சம் விலகியே நிற்கும். அட்டவணையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவைக் கண் சொல்லட்டும்.

எந்த நிறம் என்பதைவிட அந்த நிறம் எவ்வளவு ஆழம் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. எடுத்த நூல்களை வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். அதில் 739 மேலே தனியாக வெளுத்து நிற்கவேண்டும், 3371 அடியில் இருக்கவேண்டும். செங்கல் சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், சிவப்புத் தரையில் பச்சை இலையை நேராக வைக்கக்கூடாது. நடுவே ஒரு பாலேட்டுக் கோடோ பழுப்புக் கோடோ ஓடவேண்டும். அசல் கம்பளங்களில் ஒவ்வொரு பூவுக்கும் கரை கட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கரை இல்லாவிட்டால் பூ தரைக்குள் அமிழ்ந்துபோகும் என்று நெய்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்து நிறம் செய்யும் வேலையை முறையாக ஆராய்ந்தவர் பிரான்சின் செவ்ரல். பாரிஸின் கோப்லன் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர். நீலம், ஊதா நெசவில் சேர்க்கும் கறுப்பு சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, அவர் அந்தக் கறுப்பு நூலை மற்ற இடங்களின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. அருகில் இருந்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். சின்னக் கம்பளத்தில் இது ஒவ்வொரு கட்டத்திலும் நடக்கிறது. தவிட்டு மஞ்சளைச் சிவப்புத் தரையில் வைத்தால் லேசாகப் பச்சை தட்டும். 739 கையில் வெறும் சந்தன நிறம். கருநீலத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள், வெள்ளையென்றே சொல்வீர்கள். அதனால்தான் பளீர் வெள்ளை வேண்டாம் என்கிறேன்.

கண்டாக இருக்கும் நூல் ஒரு நிறம், தைத்த நூல் இன்னொரு நிறம். கண்டில் ஆறு இழைகளும் சேர்ந்து நிழலைப் பிடித்துவைத்திருக்கும். இரண்டு இழை எடுத்துத் தைத்ததும் கான்வாஸின் வெள்ளை இடுக்குகளில் எட்டிப்பார்க்கும். ஆழமான நிறங்கள் ஒரு படி வெளுக்கும். எனவே எந்த நிறத்தையும் அதே கான்வாஸின் ஓரத்தில் பத்துக்குப் பத்து கட்டம் தைத்துப் பார்க்காமல் நான் முடிவு செய்வதில்லை. தனித்தனிச் சதுரங்களாகத் தைத்தால் பயனில்லை. எந்த நிறத்தின் பக்கத்தில் வரப்போகிறதோ அதை ஒட்டியே தைக்கவேண்டும். மேலே வரும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாயவேண்டும். பருத்தி நூலுக்கு மினுமினுப்பு உண்டு. சாய்வு மாறினால் ஒரே எண் நூல் இரண்டு நிறமாகத் தெரியும்.

அந்தச் சோதனைத் துண்டைப் பகலில் பார்த்ததோடு நிறுத்திவிடக் கூடாது. பொம்மை வீட்டுக்குள் பெரும்பாலும் சின்ன மஞ்சள் பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் நீலங்கள் எல்லாம் இருட்டுக்குள் போய்விடும். 823 என்ற கருநீலம் பகலில் கம்பீரமாக இருக்கும், விளக்கில் கறுப்பேதான். நான் 336க்கு இறங்கி வந்தது இதற்காக. பாலேட்டு நிறமும் வெளிர் மஞ்சளும் விளக்கில் ஒன்றாகிவிடும் என்பதால் மஞ்சளை 3045 அளவுக்கு ஆழமாக எடுக்கிறேன். கம்பளம் எந்த அறைக்குப் போகிறதோ அந்த அறைக்குள் துண்டை வைத்து, விளக்கைப் போட்டு, வாசல் வழியாகப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிராமத்துக் கம்பளங்களில் தரை நிறம் திடீரென்று ஓரிடத்தில் மாறி, குறுக்கே ஒரு பட்டையாக ஓடும். ஒரு பானை நூல் தீர்ந்து அடுத்த பானை நூலைத் தொடுத்த இடம் அது. அப்ராஷ் என்பார்கள். கம்பளத்தை விரும்புகிறவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை, தேடிப் பார்க்கிறார்கள். 355ஐயும் 3777ஐயும் நான் சேர்த்து வாங்குவது இதற்காகவே. தரை முழுக்க 355, இரண்டு மூன்று இடங்களில் மட்டும் சில வரிசைகள் 3777. மாறுகிற வரிசையில் ஓர் இழை இது, ஓர் இழை அது என்று ஊசியில் கோத்துக்கொண்டால் விளிம்பு வெட்டியதுபோல் தெரியாது. பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்கக்கூடாது, நடுப்பதக்கத்துக்கு இருபுறமும் சரிசமமாக வரவும் கூடாது. இதைச் செய்ததும் அதுவரை அச்சடித்த துணிபோல் தட்டையாக இருந்த தரை கம்பளமாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு அது சந்தோஷம்தான்.

கடைசியாக, கணக்கு தெரியாமல் நூல் வாங்காதீர்கள். எட்டு மீட்டர்க் கண்டு ஒன்றில் ஆறு இழை. இரண்டு இழையாகத் தைத்தால், 18 கட்டக் கான்வாஸில் ஏறக்குறைய 2,500 முழுத் தையல்கள் வரும். சிவப்புத் தரை மட்டும் மூன்றில் ஒரு பங்கு, பன்னிரண்டாயிரம் தையல் அளவுக்கு இருக்கும். பட்டைகளுக்கான 3777 ஒரு கண்டு போதும். 355ஐ ஆறு கண்டாக ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குங்கள். வேறு நாளில் வாங்கிய நூல் வேறு சாயத் தொகுதியாக இருந்தால், பட்டை நாம் வேண்டிய இடத்தில் விழாமல் அதுவே ஓரிடத்தில் விழும். தொடங்குமுன் சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை இறங்கினால் அந்தக் கண்டை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.