பணம் யாருக்கு அனுப்பட்டும் என்று கேட்டாயே

அடி அண்ணாமலை
18.12.2024

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். டிவியில் காட்டிய மண்சரிவு வ.உ.சி. நகரில். நமக்கும் அதற்கும் நடுவே மலையே நிற்கிறது. அதில் இறந்தது ஏழு பேர், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அதனால் கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை, தீபக் கொப்பரைதான் ஏறியது.

பணம் அனுப்புவதென்றால் சோற்றுப் பொட்டலத்துக்கும் துணிமணிக்கும் அனுப்பாதே. அதெல்லாம் முதல் வாரமே குவிந்துவிட்டது. கிழிந்த சேலையை மடித்துக் கொடுத்தவர்களைப் பற்றி அத்தை பேசினால் காது கொடுத்துக் கேட்க முடியாது.

டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள் இல்லையா, வாழவச்சனூர் பக்கம் அத்தை குத்தகைக்கு எடுத்த நிலத்தில் இப்போது முழங்கால் உயரம் மணல். அகரம்பள்ளிப்பட்டில் செப்டம்பரில் திறந்த 16 கோடி ரூபாய்ப் பாலமே போய்விட்டது, நெல் எம்மாத்திரம்! அரசு நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 அறிவித்திருக்கிறது. ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. ரேஷன் கார்டுக்கு 2,000 என்ற அறிவிப்பில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிதான் இருந்தன, நம் மாவட்டம் இல்லை. டெல்லியிலிருந்து 944.80 கோடி விடுவித்ததாகப் பேப்பரில் பார்த்தேன். அது அத்தை கணக்கில் ஏற எத்தனை கையெழுத்து வேண்டுமோ!

சிட்டா நிலத்துக்காரர் பேரில். ஆதாரும் பாஸ்புக்கும் ஆற்றோடு போயின. நம் தெருப் பையன்கள் மண்வெட்டியோடு போய் வீட்டுக்குள் ஏறிய சேற்றை வாரிக் கொட்டினார்கள், அது பெரிய உதவிதான். ஆனால் கூடப் போன ஒரு காலேஜ் பெண் மண்வெட்டியைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, சர்வே எண், எத்தனை சென்ட், எப்போது நட்டது என்று ஆள் ஆளாகக் கேட்டு மனு எழுதினாள். அத்தையை மணல்மேட்டில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். கணக்கெடுக்க வந்த வி.ஏ.ஓ. அதைப் பார்த்து, நிலத்துக்காரரிடம் போனில் கேட்டு, பயிர் வைத்தது அத்தைதான் என்று எழுதிக்கொண்டார். அந்தப் பெண் இல்லாவிட்டால் நிவாரணப் பணம் நிலத்துக்காரர் வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

அந்தப் பிள்ளைகளின் ஜெராக்ஸ், போட்டோ, பெட்ரோல் செலவுக்கு அனுப்பு. மிச்சமிருந்தால் ஜேசிபி வைத்து மணலை ஒதுக்கலாம், தை பிறப்பதற்குள். என் ஜிபேயிலேயே போடு, கணக்கு எழுதி அனுப்புகிறேன். பெரியப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே, கோயில் திருப்பணிக்கு நோட்டை நீட்டிவிடுவார்.

அன்புடன்,
அக்கா